மூக்கி கண்டுபிடித்த ஒயின்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கி எழுதுவது. காய்ச்சல் ஒருவழியாகப் போய்விட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்கிறது. நீ நலமா? மாமா உப்பைக் குறைத்தாரா, இல்லை உனக்குத் தெரியாமல் தூவிக்கொள்கிறாரா?

இன்று உனக்கு ஒரு சேதி. நான் ஒரு ஒயினைக் கண்டுபிடித்துவிட்டேன்.

போன வாரம் எங்கள் ஒயின் கடை முதலாளியம்மா என்னை ஒயின் சந்தைக்கு அனுப்பினார். விமானம் நிறுத்துகிற மாதிரி பெரிய கூடம், வரிசை வரிசையாக மேஜை, ருசி பார்த்துத் துப்ப மேஜைக்கொரு வாளி. காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிவிட்டது. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் கடைசி மேஜை, அதன் முன்னால் ஒரு காலி நாற்காலி. நான் போனது நாற்காலிக்காக. ஒயினுக்காக இல்லை.

மேஜைக்குப் பின்னால் ஒரு இத்தாலிக்காரர். முன்பு பேருந்து ஓட்டினாராம். மாமனார் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்துக்காக ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். பாட்டில் கழுத்தில் தங்க நிறப் பதக்கம். பெரிய போட்டி ஒன்றில், பாட்டிலைத் துணியால் மூடி வைத்து ருசி பார்த்ததில் இவருடைய சிவப்பு ஒயினுக்கு முதல் பரிசு. துணியை எடுத்த பிறகு நடுவர்கள் "எந்த ஊர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். மொலிசே. இத்தாலிக்குள் இருக்கிற ஒரு சின்ன மாநிலம். "அப்படி ஒரு மாநிலமே கிடையாதுன்னு எங்க ஆளுங்களே கிண்டல் பண்ணுவாங்க" என்றார். திராட்சையின் பெயர் தின்தீலியா. அந்தப் பெயர் வாயில் நுழைவதற்குள் பாட்டில் காலியாகிவிடும். பரிசு வாங்கியும் அவர் மேஜைக்கு ஆள் வரவில்லை.

மரியாதைக்கு ஒரு வாய் குடித்தேன். அக்கா, என் வாய் விழித்துக்கொண்டது. முதலில் துவர்ப்பு. ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தது. சின்ன வயதில் மாதுளைப் பிஞ்சைக் கடித்துவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவோமே, அந்தத் துவர்ப்பு, ஆனால் படித்துப் பட்டம் வாங்கிய துவர்ப்பு. பிறகு புளிப்பு வந்து பிடியைத் தளர்த்தியது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் போகவில்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் வாயில் ஏதோ நடந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார். "பேர் தெரியாத ஊரு ஒயினை வாங்கி அலமாரிக்கு அழகா வைக்கவா?" என்றார். "நான் விக்கிறேன்" என்றேன். விட மாட்டேன், அக்கா. இந்த ஒயினை இந்த ஊருக்குக் கொண்டு வந்தே தீருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மூக்கி


மார்ச் 27

அன்பு மூக்கிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் சுகம். மாமாவின் உப்பு விஷயம் நீ நினைத்தபடிதான். சட்டைப் பையில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். பறிமுதல் செய்தாயிற்று.

பிசியோதெரபி வார்டில் வழக்கம்போல என்னை ராட்சசி என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதுகுக்குப் பின்னால். இந்த மாதம் ஒரு லாரி ஓட்டுநர் வந்திருக்கிறார். தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தூக்க முடியவில்லை. வரும்போதே பையில் ஒரு தைலம், பச்சை மூடி போட்டது. "இதை நல்லா தேச்சு விடும்மா, போதும்" என்றார். "தைலம் தேச்சா தைலம்தான் தீரும். வலி தீராது. சுவரைப் பாருங்க, விரலால ஏறுங்க" என்றேன். சுவரில் விரலை நண்டு மாதிரி நடக்கவிட்டு, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் மேலே போக வேண்டும். அழுதார். திட்டினார். இப்போது காது உயரத்துக்கு வந்திருக்கிறார். அறை முழுக்க அந்தத் தைல நாற்றம்தான் தாங்க முடியவில்லை.

உன் ஒயின் கதையைப் படித்தேன். குடிக்கிற சமாச்சாரத்தில் எனக்கு ஈடுபாடில்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் நீ ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும், பிடி. மாமா மட்டும் "ஒரு பாட்டில் வருமா?" என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். பேருந்தில் போனதை எழுதினாலே அரைப் பக்கம் அதன் வாசனையை எழுதுகிறவள் நீ. ஒயினைப் பற்றி இவ்வளவு எழுதினாய், அது என்ன மணம் என்று ஒரு வார்த்தை இல்லையே?

போன் செய்து கேட்டிருப்பேன். அம்மாவின் பீரோ யாருக்கு என்று போனில் பேசி நாம் அரை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தது போதும். கடிதம் என்று முடிவெடுத்தோம், கடிதமே இருக்கட்டும். இருமலுக்கு வெந்நீர் குடி.

உன் அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நன்றாக இருக்கிறேன். இருமல் கூடப் போய்விட்டது.

மணம் கேட்டாய். கறுப்புச் செர்ரி, உலர்ந்த கொடிமுந்திரி, மிளகு, மழையில் நனைந்த கல், பின்னணியில் மெல்லிய தோல் வாசனை. போதுமா?

பெரிய செய்தி, முதலாளியம்மா இறங்கி வந்துவிட்டார். பசித்த பூனை மாதிரி அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்ததில் "தொல்லை விட்டாப் போதும்" என்று ஒத்துக்கொண்டார். மே மாதக் கடைசியில் நம் கடையிலேயே ஒரு ருசி பார்க்கும் கூட்டம். ஊரில் பெரிய உணவகம் வைத்திருக்கும் எட்டு பேரைக் கூப்பிடுகிறோம். அவர்களில் மூன்று பேராவது தங்கள் உணவகத்தில் வைக்கச் சம்மதித்தால் ஒயினை இறக்குமதி செய்வோம். இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அந்தத் திராட்சைத் தோட்டக்காரர் ஆறு பாட்டில் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: "நிறையப் பேர் பதக்கத்தைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெயரைப் பார்த்து நகர்ந்துவிட்டார்கள். நீங்கள்தான் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து நின்றவர். உங்கள் மூக்கை நம்பி அனுப்புகிறேன்." அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. நேற்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கருகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. உன் எழுத்து அவ்வளவு சுவாரசியம்!

மாமாவுக்கு என் அன்பு. பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, பாவம்.

மூக்கி


மே 2

அன்பு மூக்கிக்கு,

இங்கே எல்லாரும் நலம். லாரிக்காரர் தலைக்கு மேல் கையைத் தூக்கிவிட்டார். என்னைக் கும்பிடுவதற்குத்தான் முதலில் தூக்கினார், நடிப்புக்காரர்.

உன் கடிதத்தில் அந்தச் செர்ரி, கொடிமுந்திரி வாக்கியம் உன்னுடையது இல்லை. அது யாரோ அச்சடித்த வாக்கியம். நீ எழுதினால் "வக்கீல் மாமா ஆபீஸ் தோல் நாற்காலி" என்று எழுதியிருப்பாய். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு அச்சாபீஸ்ல பச்சை மை" என்று சொன்னவள் நீ. அப்பா சட்டையைத் தூக்கிப் பார்த்தால் பச்சைக் கறை இருக்கும். உனக்கு மூக்கி என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

பாலைப் பற்றியும் யோசித்தேன். கடிதம் படித்தாய், சரி. கண்ணால்தானே படித்தாய்?

போகட்டும். கூட ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். நாம் சின்ன வயதில் கண்ணைக் கட்டி விளையாடிய விளையாட்டுதான். மோந்து பார்த்து, என்ன தடவியிருக்கிறேன் என்று எழுது. நீ ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

உன் கூட்டத்துக்கு என் வாழ்த்து.

அக்கா


மே 13

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலம்தானே? கைக்குட்டை வந்தது. ரோஜா. சரியா? பழைய மூக்கிதான், கவலைப்படாதே.

கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக் கோப்பைகளை நானே கழுவி, நானே துடைக்கிறேன். தூக்கம் சரியில்லை. எட்டுப் பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வாய் கெடாமல் இருக்க வெங்காயம்கூடச் சாப்பிடுவதில்லை. எப்படியும் ஜெயித்துவிடுவேன். அவசரத்தில் முடிக்கிறேன்.

மூக்கி


மே 24

மூக்கி,

கைக்குட்டையில் ஒன்றும் இல்லை.

வெறும் தண்ணீரில் மூன்று தடவை அலசி, காயவைத்து, மடித்து அனுப்பினேன். ரோஜா என்று எழுதியிருக்கிறாய்.

அதைப் படித்துவிட்டு சமையலறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நீயாகச் சொல். திட்ட மாட்டேன். திட்டினாலும் கடிதத்தில்தானே, மடித்து வைத்துவிடலாம்.

சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையை எழுது.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. உன் கடிதம் வந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எழுதுவதற்கு எனக்கு முகம் இல்லை.

எனக்கு மணம் தெரியவில்லை, அக்கா. பிப்ரவரிக் காய்ச்சலோடு போய்விட்டது. முதலில் மூக்கடைப்பு என்று நினைத்தேன். மூக்கு திறந்தது, மணம் திரும்பவில்லை. சோப்பு, சாம்பார்ப் பொடி, பெட்ரோல், மழை எதுவும் இல்லை. உலகத்தின் மீது யாரோ கண்ணாடித்தாள் சுற்றிவிட்ட மாதிரி. மூக்கை வைத்துச் சோறு சாப்பிடுகிறவள், இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? முதலாளியம்மா முன்னால் கோப்பையைச் சுழற்றுவேன், மோப்பேன், தலையாட்டுவேன். எல்லாம் நாடகம். அந்தச் சந்தையில் நாள் முழுக்க அந்த நாடகம் ஆடிவிட்டுத்தான் நாற்காலி தேடினேன். நாற்பது மேஜையிலும் எனக்குப் புளித்த தண்ணீர்தான் கிடைத்தது. அவர் ஒயின் மட்டும்தான் என் நாக்கைப் பிடித்து உலுக்கியது. அதில் பொய் இல்லை. அந்தச் செர்ரிதான் பொய். பரிசுக் குழுவின் தாளைப் பார்த்துக் காப்பியடித்தேன்.

கூட்டத்தைச் சொல்கிறேன். சில பாட்டில்களில் கார்க் கெட்டுப்போய் அதன் நாற்றம் ஒயினில் இறங்கிவிடும். குடித்தால் ஒன்றும் ஆகாது. நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, மூக்குக்கு மட்டும் உடனே தெரியும். அதனால்தான் பாட்டிலைத் திறந்ததும் ஊற்றுகிறவர் முதலில் மோந்து பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். நான் திறந்தேன். மோந்தேன். எட்டுப் பேர் பார்க்கக் கண்ணை மூடித் தலையாட்டினேன். எட்டுப் பேருக்கும் ஊற்றினேன்.

ஊற்றிவிட்டு "கறுப்புச் செர்ரி, மிளகு" என்று பாட ஆரம்பித்தேன். யாரும் குடிக்கவில்லை. ஒருவர் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார். அவர்களில் பெரியவர், எல்லாரும் மொட்டை என்று கூப்பிடுகிற ஓட்டல்காரர், "ஏம்மா, இது நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி அடிக்குது. உனக்குத் தெரியலையா?" என்றார். முதலாளியம்மா என் கோப்பையை வாங்கி மோந்தார். அவர் முகத்தை உன்னிடம் எப்படி விவரிப்பேன்? இரண்டாவது பாட்டிலைத் திறந்தோம். அது நல்ல பாட்டில்தான், ஆனால் அதற்குள் எல்லாரும் கிளம்ப எழுந்துவிட்டார்கள்.

இந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம் என்று முதலாளியம்மா சமாளித்தார். நானும் ஆமாம் என்றேன். ஆனால் "மொலிசேவா, அந்த அட்டைப்பெட்டி ஒயினா" என்று இப்போது ஊரே சிரிக்கிறதாம். தோட்டக்காரர் என் மூக்கை நம்பி அனுப்பியது. நல்ல ஒயின், அக்கா. என்னால் அதன் பெயர் கெட்டுவிட்டது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு பாட்டில் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூக்கி என்று கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 29

என் மூக்கிக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன். கூச்சப்படாதே.

படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு எழுதுகிறேன். தனியாக இத்தனை மாதம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தாயே, பைத்தியமே. மாமா "நாளைக்கே கிளம்பிப் போய்ப் பார்" என்கிறார். வர மாட்டேன். வந்தால் நீ அழுவாய், நான் சமைப்பேன், வேலை நடக்காது. வேலையைக் கேள்.

எங்கள் காது மூக்கு டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். நிறையப் பேருக்குத் திரும்பி வருகிறதாம், சிலருக்கு முழுதாக வராதாம். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைவிடப் பயிற்சி செய்கிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? என் வார்டுக்கு வந்து பார்.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலு சின்னச் சீசா. காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் பொறுமையாக மோந்து பார், அந்த மணத்தை நினைத்துக்கொண்டே. ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் மோந்து பார். நகராத விரலைப் பார்த்து "நகரு, நகரு" என்று ஒரு வருஷம் சொல்லியிருக்கிறேன் நான். இனி என் ஒவ்வொரு கடிதத்திலும் ஏதாவது தடவி அனுப்புவேன். பதிலில் என்னவென்று எழுத வேண்டும். ஊகம் கூடாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது.

இரண்டாவது, முதலாளியம்மாவிடம் சொல். அவராகக் கண்டுபிடிப்பதற்குள் சொல். மூன்றாவது, அந்த நாலு பாட்டில். உன்னால்தானே பெயர் கெட்டது, நீயே போய்ச் சரி செய். எப்படி என்று எனக்குத் தெரியாது. அது உன் தொழில்.

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பேனாவைத் திட்டிக்கொள். போன வாரம் ஒரு கனத்த நோயாளி நடை பழகும்போது சறுக்கினார், தாங்கிப் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. ருசி இல்லை என்று தட்டைத் தள்ளாதே.

ராட்சசி


ஆகஸ்ட் 18

அன்புள்ள ராட்சசி அக்காவுக்கு,

நலமா? நான் முன்பைவிட நலம். நிஜமாகவே.

முதலில் வீட்டுப்பாடம். நாலு சீசாவையும் ஒரு வேளைகூட விடாமல் மோந்து பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. உன் கடிதங்களில் என்ன தடவினாய் என்றும் தெரியவில்லை. ஊகிக்கவில்லை, பார்த்தாயா?

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "மூக்கு போனது உன் தப்பில்ல. போன மூக்கை வெச்சுக்கிட்டு எட்டு பேரு முன்னாடி மோந்து காட்டின பாரு, அதுதான் தப்பு" என்றார். மறுநாளிலிருந்து கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. நியாயம்தான், போனேன். மாலையில் மட்டும் வந்து கேட்பேன்: "அந்த நாலு பாட்டிலை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" தினமும் கேட்டேன். கடைசியில் "எடுத்துட்டுப் போய்த் தொலை" என்றார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

நேராக மொட்டையின் உணவகத்துக்குப் போனேன். முன்வாசலுக்கு இல்லை, சமையலறைப் பின்வாசலுக்கு. மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். என்னைப் பார்த்ததும் "அட்டைப்பெட்டி வந்துடுச்சுடா" என்று உள்ளே குரல் கொடுத்தார். பாட்டிலையும் ஓப்பனரையும் அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே திறங்க, நீங்களே மோந்து பாருங்க. எனக்கு மூக்கு இல்ல. அன்னைக்கும் இல்ல. நாக்கு மட்டும்தான் இருக்கு. இந்த ஒயினை நாக்காலதான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திறந்தார், மோந்தார், ரொம்ப நேரம் மூக்கை எடுக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். பிறகு, "சரி. உன் நாக்கு என்ன சொல்லுது?" என்றார்.

"கொழுப்பான கறி ஏதாவது கொண்டாங்க" என்றேன். மதியம் மிஞ்சிய ஆட்டிறைச்சி வந்தது. ஒரு துண்டு சாப்பிடச் சொன்னேன், மேலே ஒரு வாய் ஒயின், மறுபடி ஒரு துண்டு. "கொழுப்பு நாக்குல படியுது. துவர்ப்பு அதை வழிச்சு எடுத்துடுது. அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே இருக்கும், பாருங்க. லேசான ஒயினுக்கு இந்தக் கறி அடங்காது" என்றேன். அவர் தட்டைக் காலி பண்ணிவிட்டு மீன் கொண்டுவரச் சொன்னார். "மீனுக்கு வேணாம், இரும்பை நக்குற மாதிரி ஆயிடும்" என்றேன். வேண்டுமென்றே சாப்பிட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் என்னை உட்காரச் சொன்னார்.

"மூக்கு இருக்கிறவங்க எங்கிட்ட வந்து பூ, பழம்னு கவிதை படிச்சுட்டுப் போறாங்க. எதோட சாப்பிடணும்னு ஒருத்தனும் உருப்படியா சொன்னதில்ல" என்றார். அவரே இன்னும் இரண்டு பேருக்குப் போன் செய்தார். "அட்டைப்பெட்டின்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், வந்து குடிச்சுப் பாருங்க" என்று சொன்னார். அக்கா, மூன்று பேர் சம்மதித்துவிட்டார்கள். தோட்டக்காரருக்கு நடந்தது அத்தனையும் எழுதினேன். "பேருந்து ஓட்டும்போது நானும் ஒருமுறை வழி தவறியிருக்கிறேன். பயணிகளிடம் சொன்ன பிறகுதான் சரியான வழி தெரிந்தது" என்று பதில் போட்டார். பெட்டிகள் செப்டம்பர் கடைசியில் வந்து சேரும்.

முதலாளியம்மா என்னைக் கிடங்கிலிருந்து மேலே கூப்பிட்டுக்கொண்டார். பாட்டிலை அவர் மோப்பார், நான் குடிப்பேன். இதுதான் இப்போதைய ஏற்பாடு.

ஜூலையில் நீ போட்ட கடிதம் ஏன் அவ்வளவு சின்னது? வேலை அதிகமா?

மூக்கி


செப்டம்பர் 20

அன்பு மூக்கி,

ரொம்ப சந்தோஷம். கடிதத்தை மாமாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். மீன் கட்டத்தில் எழுந்து நின்று கை தட்டினார்.

போன கடிதத்தில் தடவியது ஆரஞ்சுத் தோல். பரவாயில்லை. விடாதே.

இங்கே எல்லாம் சுகம். கொஞ்ச நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன், சும்மாதான். மாமா காய் நறுக்குகிறார், துணி உலர்த்துகிறார். வயதான காலத்தில் ஞானம் வந்திருக்கிறது.

இந்தத் தடவை காகிதத்தில் ஒன்றும் தடவவில்லை, மறந்துவிட்டேன். அதனால் கண்டுபிடிக்க எதுவும் கிடையாது. தோற்றுவிட்டேன் என்று வருத்தப்படாதே.

அக்கா


அக்டோபர் 1

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ பொய் சொல்வாய்.

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். மடிக்கும்போது மூக்கில் ஏதோ தட்டியது. பிரமை என்று நினைத்தேன். மாடிக்குப் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு வந்து மறுபடி எடுத்தேன். காகிதத்தின் வலது ஓரம், எழுதும்போது கை படிகிற இடம். அங்கே மட்டும் இருந்தது. கற்பூரம் மாதிரி, அடியில் ஒரு காரம். வேண்டுமென்று தடவியது இல்லை, கையிலிருந்து ஒட்டியது.

பச்சை மூடித் தைலம்!

அக்கா, எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் மணம் அதுதான். கிராம்பும் எலுமிச்சையும் இன்னும் ஊமையாகத்தான் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி. தைலத்தைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவள் நீ. உன் கையில் அது எப்படி வந்தது?

எல்லாக் கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூனில் அந்தக் கனத்த நோயாளியைத் தாங்கிப் பிடித்தாய். அவருக்குக் கீறல் இல்லை என்று எழுதினாய், உனக்கு என்று எழுதவில்லை. அன்றிலிருந்து எழுத்து கோணுகிறது, கடிதம் சுருங்குகிறது. மாமா காய் நறுக்குகிறார். வலது தோள்தானே? தூக்க முடியவில்லைதானே? நான் பொய்யாக மோந்து காட்டியதற்கு என்னை அந்தப் பாடு படுத்திவிட்டு, நீ சுகம் சுகம் என்று எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

போன் செய்யப் போனேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். குரலில் நீ கெட்டிக்காரி, ஏமாற்றிவிடுவாய். காகிதத்தில்தான் மாட்டினாய்.

இப்போது நான் சொல்கிறேன், நீ கேள். தைலம் தேய்த்தால் தைலம்தான் தீரும். சுவருக்கு முன்னால் போய் நில். விரலால் ஏறு. அழுதால் அழு, மாமாவைத் திட்டு, ஆனால் தினமும் ஏறு. எவ்வளவு உயரம் என்று எனக்கு எழுத வேண்டும், ஊகம் கூடாது.

நேற்று பெட்டிகள் வந்து இறங்கின. முதல் பெட்டியின் முதல் பாட்டிலை உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன், கூடவே ஒரு ஓப்பனர். மாமா தொடக்கூடாது, இடது கையும் கூடாது. வலது கையால் திருகி, நீயே கார்க்கை எடுக்க வேண்டும். எடுக்க முடிகிற அன்று எழுது, அடுத்த வண்டியில் வந்துவிடுகிறேன். திறந்ததும் நீ மோந்து சொல்லு, நான் குடித்துச் சொல்கிறேன்.

இது நல்ல துவர்ப்புள்ள ஒயின், அக்கா. துவர்ப்பு இருந்தால் கெடாமல் பத்து வருஷம்கூடக் காத்திருக்கும். நான் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன்.

உன்
மூக்கி